கல்யாண வீடியோ டி.வி.யில் ஓடவில்லையா? எறியாதீர்கள்!

வீட்டில் புது டி.வி. வாங்கியிருக்கிறார்கள். அதன் முதுகில் ஒரு சின்ன 'ஸ்டிக்'கையும் செருகியிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான் அது. ஆனால் ஊரில் உள்ள படங்களை எல்லாம் இன்டர்நெட் வழியாக வாங்கி டி.வி.யில் காட்டுகிறது!

ஞாயிற்றுக்கிழமை. உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். "உங்கள் கல்யாண வீடியோவைப் போடேன், பார்ப்போம்" என்கிறார் சித்தப்பா. பழைய டிஸ்கில் இருந்ததை மகன் ஏற்கனவே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். அதை வைபை வழியாக டி.வி.க்கு அனுப்புகிறான். எல்லோரும் ஆவலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டி.வி. இருட்டாகிறது. பிறகு ஒரே ஒரு வரி வருகிறது: "இந்தப் பைலை இயக்க முடியவில்லை."

"இருபது வருஷம் ஆயிற்றே! கெட்டுப் போயிருக்கும்" என்கிறார் ஒருவர். "டிஸ்க்கும் கீறலாகக் கிடக்கிறது, தூக்கிப் போடு" என்கிறார் இன்னொருவர்.

இப்படித்தான் பல வீடுகளில் நல்ல வீடியோக்கள் குப்பைக்குப் போகின்றன. டி.வி. "முடியவில்லை" என்றால் வீடியோ கெட்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலும், அந்த ஸ்டிக்குக்கு அந்த வீடியோவின் பாஷை புரியவில்லை என்றுதான் அர்த்தம். பாஷையை மாற்றிக் கொடுத்தால் ஓடும். அதற்குக் காசு செலவும் இல்லை.

அந்த வீடியோவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்தியில் நின்று "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடு" என்று சொல்லும் தாத்தா இருப்பார். பெண்ணின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கும் பாட்டி இருப்பார். இன்று அவர்கள் இல்லை. போட்டோவில் முகம் இருக்கிறது. குரல் எங்கே இருக்கிறது? அந்த டிஸ்கில்தான் இருக்கிறது.

ஹார்லிக்ஸ் புட்டியில் கடுகு

நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் புட்டி இருக்கும். திறந்தால் உள்ளே கடுகு இருக்கும்! மேலே ஒட்டிய பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. வீடியோ பைலும் இதே மாதிரிதான்.

பைலின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., மூவ் என்று பல வால்கள் உண்டு. அது புட்டியின் பெயர். உள்ளே ஓடும் படம் ஒரு சரக்கு. சத்தம் இன்னொரு சரக்கு. இரண்டும் ஒரே புட்டிக்குள் இருக்கின்றன.

எம்.கே.வி. புட்டிக்கு 'மட்ரோஸ்கா' என்று பெயர். ரஷ்யாவில் ஒரு மரப்பொம்மை உண்டு. திறந்தால் உள்ளே ஒரு பொம்மை, அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு பொம்மை இருக்கும். அந்தப் பொம்மையின் பெயரிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. எந்தச் சரக்கையும் இதற்குள் போடலாம். அதனால்தான் இரண்டு எம்.கே.வி. பைல்களில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று ஓடுவதில்லை.

சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பைலின் வாலை அழித்துவிட்டு 'எம்.பி.4' என்று எழுதுகிறார்கள். புட்டியில் 'காப்பித்தூள்' என்று சீட்டு ஒட்டினால் கடுகு காப்பித்தூள் ஆகிவிடுமா?

ஏன் இத்தனை பாஷைகள்?

சினிமாப் படம் என்பது வரிசையாக ஓடும் போட்டோக்கள்தான். நம் ஊர் டி.வி. முறையில் ஒரு வினாடிக்கு 25 போட்டோக்கள். இன்றைய தெளிவான டி.வி. படத்தில் ஒவ்வொரு போட்டோவும் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. மொத்தம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் குறிக்க 3 எண்கள் எழுத வேண்டும்.

அப்படியே எழுதினால் என்ன ஆகும்? ஒரு வினாடிக்கு 15 கோடி எண்களுக்கு மேல் ஆகும்! 64 ஜி.பி. கொள்ளும் செல்போன் 7 நிமிஷத்துக்குள் நிறைந்துவிடும். தாலி கட்டும் முன்பே இடம் தீர்ந்துவிடும்!

ஆகவே சுருக்குகிறார்கள். மணவறை அசைவதில்லை. வாழை மரம் அசைவதில்லை. மாலை மாற்றும் கைகள்தான் அசைகின்றன. அசையாததை ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டு, அசைந்ததை மட்டும் அடுத்தடுத்து எழுதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சுருக்கெழுத்துக்குக் 'கோடெக்' என்று பெயர்.

சுருக்கெழுத்து காலத்துக்குக் காலம் மாறியது. 1993-ல் வீடியோ சி.டி.க்கு விதி வகுத்தார்கள். அதன் பாஷை எம்பெக்-1. ஒரு டிஸ்கில் 74 நிமிஷம் பிடிக்கும். அதனால்தான் கல்யாண வீடியோ 2 டிஸ்க், 3 டிஸ்க் என்று வந்தது. 1996-ல் டி.வி.டி. ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் பாஷை எம்பெக்-2. 2003-ல் எச்.264 வந்தது. இன்று உலகம் முழுவதும் அதிகமாகப் புழங்குவது இதுதான். 2013-ல் எச்.265 வந்தது. இன்னும் நன்றாகச் சுருக்கும்.

தாத்தா பேசியது எம்பெக்-1. பேரன் வாங்கிய ஸ்டிக் படித்தது எச்.264. இருவருக்கும் இடையே பேச்சு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டிக்குக்கு ஏன் தெரியவில்லை?

ஸ்டிக் என்பதும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். சுருக்கிய படத்தை விரித்துக் காட்ட அதற்குள் தனி மின்சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு எந்தப் பாஷைகளைக் கற்றுக்கொடுத்தார்களோ அவை மட்டும்தான் தெரியும்.

2013-ல் கூகுள் கம்பெனி 'குரோம்காஸ்ட்' என்ற சாதனத்தை அமெரிக்காவில் 35 டாலருக்கு விற்றது. படத்துக்கு அது அறிந்த பாஷைகள் எச்.264, வி.பி.8 ஆகியவைதான். எச்.265 தெரியாது. எம்பெக்-2 டி.வி.டி. வீடியோவை அப்படியே கொடுத்தாலும் விழிக்கும். 2024-ல் குரோம்காஸ்ட் தயாரிப்பையே கூகுள் நிறுத்திவிட்டது. ஆனால் விற்றவை இன்னும் பல வீடுகளில் டி.வி.க்குப் பின்னால் தொங்குகின்றன.

ஒவ்வொரு பாஷைக்கும் காப்புரிமை வைத்திருப்பவர்கள் உண்டு. சாதனம் செய்பவர் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. 'ராஸ்பெரி பை' என்று இங்கிலாந்தில் ஒரு மலிவான குட்டிக் கம்ப்யூட்டர் செய்தார்கள். எம்பெக்-2 படத்தை விரிக்கும் சுற்று அதற்குள் இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது! 2012-ல் தனியாக 2 பவுன் 40 பென்ஸ் கட்டியவர்களுக்கு மட்டும் திறவுகோல் எண் கொடுத்தார்கள். அமெரிக்காவில் எம்பெக்-2 காப்புரிமைகளின் காலம் 2018-ல்தான் முடிந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஸ்டிக் விற்கும் கம்பெனிக்கு, மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் சினிமாதான் முக்கியம். உங்கள் வீட்டு நலங்கு அதன் கணக்கில் இல்லை. ஆகவே அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

'வி.எல்.சி.' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பாரிஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலையிலிருந்து பிறந்தது. ஏறக்குறைய எல்லாப் பாஷையும் அறிந்தது. ஓடாத வீடியோவைக் கம்ப்யூட்டரில் வி.எல்.சி.யில் திறந்து பாருங்கள். அதில் ஓடினால் வீடியோ நலமாக இருக்கிறது. பயம் வேண்டாம்.

அதிலேயே 'கோடெக் விவரம்' என்று ஓர் இடம் உண்டு. படம் என்ன பாஷை, சத்தம் என்ன பாஷை என்று எழுதியிருக்கும். ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியம் அதைப் பொறுத்தது.

டி.வி.யில் படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா? ஸ்பீக்கரைப் பழுது பார்க்க ஓடாதீர்கள். வி.எல்.சி.யில் சத்தம் கேட்டால், சத்தத்தின் பாஷைதான் புரியவில்லை. டி.வி.டி.யில் இருந்து எடுத்த வீடியோக்களில் இது அடிக்கடி நேரும். டால்பி கம்பெனியின் ஏ.சி.-3 என்ற முறையில் சத்தம் இருக்கும். எல்லாச் சாதனங்களும் அதை விரிப்பதில்லை. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏ.ஏ.சி. என்ற முறைக்கு மாற்றினால் போதும்.

படமும் சத்தமும் தெரிந்த பாஷையாகவே இருந்து, புட்டி மட்டும் பிடிக்காமல் போவதும் உண்டு. கைக்காமிராக்களில் எம்.டி.எஸ். என்ற வாலோடு வரும் பைல்கள் இந்த ரகம். உள்ளே இருப்பது எச்.264-தான். சரக்கை அப்படியே எடுத்து எம்.பி.4 புட்டியில் கொட்டினால் தீர்ந்தது. சில நிமிஷ வேலைதான். தெளிவு ஒரு துளியும் குறையாது. 'எப்.எப்.எம்பெக்' என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். ஆனால் அதற்குக் கட்டளைகளை எழுத்தில் தட்டிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவனிடமோ அவளிடமோ விட்டுவிடுங்கள்.

பாஷை மாற்றும் வேலை

பழைய வீடியோ சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் பாஷையையே மாற்ற வேண்டும்.

வீடியோ சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் 'எம்பெகாவ்' என்ற பெயரில் ஓர் உறை தெரியும். அதற்குள் 'டாட்' என்ற வாலோடு பைல் இருக்கும். கல்யாணம் அதில்தான் இருக்கிறது. முதலில் அதைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். பாதியில் நின்றுவிட்டால் மனம் தளராதீர்கள். டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டும் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடும்.

பிறகு 'ஹேண்ட்பிரேக்' என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் இலவசம். பைலைத் திறக்கவும். தயாராக உள்ள அமைப்புகளில் 'பாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எங்கே சேமிப்பது என்று சொல்லவும். பொத்தானை அழுத்தவும். எம்.பி.4 புட்டியில், எச்.264 படமும் ஏ.ஏ.சி. சத்தமும் கிடைக்கும். இன்றைய ஸ்டிக்குகளுக்கும் டி.வி.களுக்கும் பொதுவாகப் புரியும் பாஷை இதுதான். 'டாட்' பைலை ஹேண்ட்பிரேக் ஏற்காவிட்டால், வி.எல்.சி.யிலேயே மாற்றிச் சேமிக்கும் வசதி உண்டு. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் நேரம் பிடிக்கும். இரவில் ஓட விட்டுத் தூங்கப் போகலாம்.

டி.வி.டி. வீடியோவில் ஆள் நகரும்போது சீப்புப் பற்கள் மாதிரிக் கோடுகள் தெரியலாம். பழைய டி.வி. முறையில் ஒரு முறை ஒற்றைப்படை வரிகளும், மறுமுறை இரட்டைப்படை வரிகளுமாகப் படத்தைப் பாதிப் பாதியாகக் காட்டினார்கள். அதன் எச்சம் அது. ஹேண்ட்பிரேக்கில் 'டிஇன்டர்லேஸ்' என்ற வடிகட்டியைப் போட்டால் மறையும்.

சிலர் ஆசைப்பட்டு, பழைய வீடியோவைப் பெரிய அளவுக்கு இழுக்கிறார்கள். வேண்டாம். வீடியோ சி.டி. படம் குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி. இன்றைய டி.வி. படத்தில் அதைப் போல 20 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டுவருவது? பைல்தான் பெருக்கும். அகலத்தையும் இழுக்காதீர்கள். பழைய படம் ஏறக்குறையச் சதுரமானது. இருபுறமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். அதை மறைக்க இழுத்தால், கல்யாணப் பெண் குண்டாகிவிடுவார்!

மாற்றாமலே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. பல ஸ்டிக்குகளில் வி.எல்.சி. ஆப்பையே நிறுவலாம். எம்பெக்-1 மிக எளிய பாஷை. தனிச் சுற்று இல்லாமலே ஸ்டிக்கின் மூளை அதை விரித்துவிடும். அவசரத்துக்கு இது நல்லது. ஆனால் ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டு டி.வி.யிலும் ஓட வேண்டும் என்றால் எம்.பி.4 நகல் ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

பென்டிரைவில் கொண்டுபோகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சில பென்டிரைவ்கள் 'பாட்32' என்ற முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி.யை எட்டிய எந்த ஒரு பைலும் ஏறாது. டிரைவில் இடம் காலியாக இருந்தாலும் ஏறாது. 'எக்ஸ்பாட்' என்ற முறைக்கு மாற்றினால் ஏறும். அப்படி மாற்றும்போது டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும். வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். டி.வி.க்கு 'எக்ஸ்பாட்' தெரியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலத்தை அழிக்காதீர்கள்

மாற்றிய வீடியோ நன்றாக ஓடுகிறது. இனிப் பழைய பைல் எதற்கு, இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடுகிறார்கள். இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பாஷை மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு போகிறது. ஜெராக்ஸ் காப்பியை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குகிறதல்லவா? அதே கதைதான். பத்து வருஷம் கழித்து வேறு பாஷை வரும். அப்போது மூலத்திலிருந்து மாற்ற வேண்டும், நகலிலிருந்து அல்ல. மூலம் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று தம்பி வீட்டில்.

வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தானே இன்னும் சுருக்கிவிடும். வந்ததையே பாதுகாத்து வைத்திருப்பவர்கள் பலர். அது நகலின் நகல். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் 2 ஜி.பி. வரையுள்ள பைல் சுருங்காமல் போய்ச் சேரும்.

"இங்கே ஏற்றுங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று இன்டர்நெட்டில் கூவும் கடைகள் ஏராளம். 2025 மார்ச்சில் அமெரிக்க எப்.பி.ஐ.யின் டென்வர் அலுவலகம் இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. பைல் மாற்றித் தருவதாகச் சொல்லிக் கம்ப்யூட்டரில் விஷமத்தைப் புகுத்தும் கூட்டம் இருக்கிறது என்றது. நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் உள்ள வீடியோவை முகம் தெரியாதவன் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள்.

கம்பெனிகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும்

ஸ்டிக் விற்கும் கம்பெனிகள், எந்தெந்தப் பாஷை தெரியும் என்பதை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். மாத்திரைப் பட்டையில் என்ன மருந்து என்று அச்சிடுகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் வாங்கும் சாமானில் ஏன் அச்சிடக் கூடாது? விவரம் இன்டர்நெட்டில் இருக்கிறது என்று சொல்வது பதில் ஆகாது. அதைத் தேடிப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சிக்கலே வராது.

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரிடம் எம்.பி.4 நகல் ஒன்றும், சுருக்காத பெரிய மூலம் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். கல்யாண வீட்டாரும் பாக்கிப் பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐபோனில் படம் எடுப்பவர்கள் வீடியோவின் பாஷையை இப்போதே தேர்ந்தெடுக்கலாம். 2017-ல் இருந்து பல ஐபோன்கள் எச்.265-ல் பதிகின்றன. பழைய ஸ்டிக்குக்கு அது புரியாது. காமிரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தொட்டுவிட்டால் எச்.264-ல் பதியும். பைல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது டிஸ்க்கும் பைலும் வைத்திருப்பவர்களுக்கு. அதற்கும் முந்திய கல்யாணங்கள் வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கின்றன. கேசட்டைப் பைலாக்க, ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று வேண்டும். உலகில் கடைசியாக அதைச் செய்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவை எல்லாம் பழைய யந்திரங்கள். ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகின்றன. கேசட்டிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே பீரோவில் கேசட்டும் டிஸ்க்கும் இரண்டுமே இருந்தால், முதலில் கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டிஸ்க் அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.